ஹாரன் அடித்த கை

இன்று காலை யார்டுக்கு, கிரேனில் மாட்டுகிற புதுக் காந்தம் வந்து இறங்கியது. சாக்கும் பிளாஸ்டிக்குமாகச் சுற்றியிருந்ததைப் பிரித்ததும் வார்னிஷ் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் குனிந்து இன்னொரு முறை இழுத்துக்கொண்டேன். புதுக் காயிலின் வாசனை உனக்கு அவ்வளவு பிடிக்கும். ரிவைண்டிங் முடிந்து ஒரு மோட்டார் வந்தால்கூட கிரேனிலிருந்து இறங்கி வந்து மோந்து பார்த்துவிட்டுப் போவாய். "பொறந்த கொழந்த தலைய மோந்தா மாதிரி கீதுடி" என்பாய். எந்த ஊரில் குழந்தையின் தலை வார்னிஷ் வாசனை அடிக்கும் என்று நான் கேட்பேன். நீ விட்டுக்கொடுக்க மாட்டாய்.

உன்னை நினைக்காமல் வேலை பார்க்கப் பழகிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தப் பொய். ஒரு வாசனைக்கே கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிவிட்டு பேனல் ரூமுக்கு வந்துவிட்டேன். டீக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை நீ எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாய், ஒவ்வொரு முறையும் உனக்கு எதிராகவே சொல்லியிருக்கிறாய். இந்த ஒருமுறை வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேள்.

நான் இந்தக் கம்பெனிக்கு எலெக்ட்ரீஷியனாக வந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? கிரேன் கேபினில் லைட் எரியவில்லை என்று என்னை அனுப்பினார்கள். ஏணியில் தட்டுத்தடுமாறி ஏறி வந்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளய அனுப்பிக்கீறாங்களா? அப்ப லைட்டு இல்லாமயே ஓட்டிக்கிறேன்" என்றாய். அடிப்பாவி, நீயே ஒரு பொம்பளை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்குகிற இந்தக் கம்பெனியில் கிரேன் ஓட்டிய ஒரே பொம்பளை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹோல்டரை மாற்றிவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். மத்தியானம் நீயே தேடிக்கொண்டு வந்து, கேட்காமல் கொள்ளாமல், உன் டப்பாவில் இருந்த கருவாட்டுத் தொக்கை என் சோற்றில் கவிழ்த்தாய். நான் புரட்டாசி விரதத்தில் இருந்தேன். அதைச் சொன்னதும் நீ விழித்த விழியில் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அந்தச் சோற்றையும் நீயே தின்றாய்.

அப்புறம் நாம் பிரிந்திருந்த நாள் குறைவு. பொன்னேரியில் நான் ரயில் ஏறுவேன். அடுத்த ஸ்டேஷன் கவரப்பேட்டையில் நீ ஏறுவாய். பெண்கள் பெட்டியில் உனக்காகப் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். சண்டை போட்ட மறுநாளும் பிடித்திருப்பேன், முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் கழனி வேலைக்குப் போன அம்மா அப்பாவைப் பற்றி, தேர்வாய் கண்டிகையில் ஷிப்டு மாறிமாறிப் போகிற உன் வீட்டுக்காரரைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உன் குரல்தான் எடுபடுகிறது என்கிற உன் பெருமையைப் பற்றியெல்லாம் அந்தப் பெட்டியில்தான் கேட்டேன்.

ஐ.டி.ஐ.யில் எங்களுக்கு ஒரு விதி நெட்டுரு. காந்தப்புலம் மாறினால் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், கரண்ட் பிறக்கும். பிறந்த கரண்ட், தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கும். எதிர்க்கும் என்றால் எப்போதும் தலைகீழாகத்தான் ஓடும் என்று படித்தவர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொள்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் அதுவல்ல. காந்தம் கிட்டே வந்தால், வராதே என்று தள்ளுகிற திசையில் ஓடும். அதே காந்தம் விலகிப் போனால், போகாதே என்று இழுக்கிற திசையில் ஓடும். இருப்பது இருக்கிறபடியே இருக்கவேண்டும், அவ்வளவுதான் அதற்கு. இதை ஒருநாள் ரயிலில் உனக்கு விளக்கினேன். "இன்னாடி, எங்க மாமியார சொல்றியா?" என்று கேட்டுப் பெட்டியையே சிரிக்கவைத்தாய்.

நான் உன்னைத்தான் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எனக்கு வேறு வேலை கிடைத்தபோது நீ என்ன செய்தாய்? போ, உன் தொல்லை விட்டது, இனிமேல் ஜன்னல் ஓரம் எனக்குத்தான் என்றாய். அன்று சாயங்காலமே என் டிபன் டப்பாவை உன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் கேட்டால் வீட்டில் மறந்துவிட்டேன் என்றாய். அதற்கு மறுநாளும் மறந்தாய். கேட்கிறபோதெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு மறந்தாய். டப்பா ஒரு சாக்குதான், எனக்குத் தெரியும். நான் அந்த வேலைக்குப் போகவில்லை. ஒருநாள்கூட அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கிரேனில் தொங்குகிற அந்த வட்டக் காந்தத்தின் உள்ளே இருப்பது காயில். நீ கேபினில் பட்டனை அழுத்தினால் கரண்ட் ஓடும், கீழே குவிந்து கிடக்கிற பழைய இரும்பெல்லாம் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். ஃபர்னஸுக்குப் போகிற பக்கெட்டின் மேலே கொண்டுபோய் அடுத்த பட்டனை அழுத்தினால் கரண்ட் நின்று எல்லாம் விழும். விழும் என்று சொல்கிறோம். ஆனால் காயிலுக்குத்தான் மாற்றம் பிடிக்காதே. நிறுத்திய பிறகும், ஓடிக்கொண்டிருந்த கரண்டை அதே திசையில் இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கும். காந்தத்தின் இரும்பிலும் கொஞ்சம் பிடிப்பு தங்கிவிடும். அதனால் நீ விடும் பட்டனை அழுத்தியதும், காந்தத்துக்குக் கரண்ட் அனுப்புகிற பேனல் எதிர்த்திசையில் ஒரு தட்டு தட்டும், கொஞ்ச நேரம் கரண்டைத் திருப்பி அனுப்பும். அந்தத் தட்டில்தான் மிச்சமிருக்கும் பிடிப்பெல்லாம் அழிந்து கடைசி ஆணி வரைக்கும் உதிரும்.

மேலே உட்கார்ந்திருக்கிற உனக்குக் காந்தத்தின் முதுகு தெரியும், வயிறு தெரியாது. அதனால் நீயாக ஒரு வழக்கம் வைத்திருந்தாய். பட்டனை அழுத்தியபின் காந்தத்தைப் பக்கெட்டின் மேலேயே நிறுத்தி, "இயேசுவே ஸ்தோத்திரம்" என்று நிதானமாகச் சொல்வாய். சொல்லி முடித்துத்தான் ஹாரன். அந்த ஹாரன் கேட்டபிறகுதான் யார்டு ஆட்கள் காலை உள்ளே வைப்பார்கள். காந்தத்தில் கரண்ட் ஓடுவதைக் காட்டுகிற லைட் அணைந்ததைப் பார்த்து எவனாவது முந்திக்கொண்டு போனால் மேலிருந்தே அவன் வம்சத்தை இழுத்துத் திட்டுவாய். மற்ற ஷிப்டுகளில் சின்னச் சின்னக் காயங்கள் நடந்தன. உன் ஷிப்டில் நடந்ததில்லை. யார்டு ஆட்களில் உன்னிடம் அதிகத் திட்டு வாங்கிய ஏழுமலையே உன் ஹாரனைப் பற்றிப் பெருமை பேசுவான். அக்கா ஹாரன் அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகலாம் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தான் சொல்லிக்கொடுப்பான்.

பழைய பேனல் எரிந்துபோய், வெளியிலிருந்து காண்டிராக்ட் ஆட்கள் வந்து புதுசு மாட்டினார்கள். நான் அப்போது லீவில் இருந்தேன். அத்திப்பட்டில் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அங்கே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் போன் வந்தது. ஏழுமலை மேலே இரும்பு விழுந்துவிட்டது, கிரேனில் இருந்தது நீ என்று.

நீ எல்லாம் வழக்கப்படிதான் செய்தாய். பட்டனை அழுத்தினாய். இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. ஸ்தோத்திரம் சொன்னாய். ஹாரன் அடித்தாய். காந்தத்தை யார்டு பக்கம் திருப்பினாய். பக்கெட்டைச் சுற்றிச் சிதறியதைப் பொறுக்க ஏழுமலை உள்ளே வந்தான். காந்தத்தின் வயிற்றில் ஒரு ஆங்கிள் இரும்புத் துண்டு விடாமல் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. திருப்பிய அசைவில் அது கழன்று அவன் வலது தோளில் விழுந்தது. தலைக்கு ஹெல்மெட் இருந்தது. தோளுக்கு என்ன இருக்கிறது? எலும்பு நொறுங்கிவிட்டது. நீ ஏணியில் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் உன்னிடம் சொன்னது, "ஒண்ணியும் இல்லக்கா, நீ அழாத."

விசாரணை முடிகிற வரைக்கும் உன்னை எடை மேடையில் உட்காரச் சொன்னார்கள். அவசரப்பட்டுத் திருப்பியிருப்பாள் என்று சிலர் பேசினார்கள். பொம்பளையைக் கிரேனில் ஏற்றினால் இப்படித்தான் என்றும் ஒரு வாய் பேசியது. அந்த வாயை நான் சும்மா விடவில்லை, அது வேறு கதை. நீ யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: ஹாரன் அடித்தது நான்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. மெயின்டனன்ஸ் சாரிடம் போய் நின்றேன். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை சார் என்றேன். அவர் நல்ல மனிதர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, வாங்க பார்த்துவிடலாம் என்றார். மத்தியானம் யார்டைக் காலி பண்ணிவிட்டு, அவர் காந்தத்துக்குப் போகிற கேபிளில், கரண்டின் திசையைக் காட்டுகிற கிளாம்ப் மீட்டரை மாட்டிக்கொண்டு கீழே நின்றார். நான் உன் சீட்டில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். தூக்கும்போது மீட்டர் பிளஸ் காட்டியது. விடும்போது எதிர்த் தட்டு வரவேண்டும், மைனஸுக்கு மாறவேண்டும். மாறவில்லை. பிளஸிலேயே இன்னொரு முறை எகிறிவிட்டு மெதுவாக இறங்கியது. திரும்பவும் அழுத்தச் சொன்னார். திரும்பவும் பிளஸ். காந்தத்தை விடச்சொல்லித் தட்டவேண்டிய பேனல், அதற்கு இன்னும் ஒரு வாய் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது.

பேனல் மாட்டிய காண்டிராக்ட் ஆளை வரவழைத்தார்கள். தலை நரைத்த மனுஷர், ஏமாற்றுக்காரர் இல்லை. கரண்டை நிறுத்தியதும் காயிலின் வோல்டேஜ் மைனஸுக்குத் திரும்புவதை மீட்டரில் பார்த்திருக்கிறார். எதிர்க்கும் என்று படித்திருக்கிறோமே, ஆகவே கரண்டும் திரும்பி ஓடுகிறது, அதைக் கொல்லப் பிளஸில் தட்டவேண்டும் என்று முடிவுகட்டி வயரை மாற்றிப் பூட்டியிருக்கிறார். வோல்டேஜ் திரும்பும், கரண்ட் திரும்பாது. மீன்பாடி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவன் சட்டென்று நின்றால் என்ன ஆகும்? அதுவரை அவன் வண்டியைத் தள்ளினான், இப்போது வண்டி அவன் கையை இழுக்கும். ஆனால் வண்டி ஓடுவது முன்னால்தான். கையில் இழுப்பு மாறியதைப் பார்த்துவிட்டு வண்டியே திரும்பிவிட்டது என்று நினைத்திருக்கிறார். சார் இதை விளக்கியதும் அந்த மனுஷர் வெளிறிப்போய்ப் பேனல் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட யோசித்து வைத்திருந்த நான், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வயரைச் சரியாகப் பூட்டி, மீட்டர் மைனஸ் காட்டுவதைப் பார்த்த அன்றே சார் என்னையும் கூட்டிக்கொண்டு கவரப்பேட்டைக்கு உன் வீட்டுக்கு வந்தார். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, நாளையிலிருந்து கிரேனில் ஏறலாம் என்றார். டீ போட்டுக் கொடுத்தாய். முழுக்கக் கேட்டாய். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, நீ எழுந்து குதிப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது, நின்று, "எல்லாம் சரி சார். ஹாரன் அடிச்சது யாரு?" என்று கேட்டாய்.

நீ ஏறவில்லை. எடை மேடையிலேயே இருந்துவிட்டாய். லாரி வரும், எடையைப் பார்ப்பாய், லாரி போகும். மேலே உட்கார்ந்து யார்டையே அதட்டிக்கொண்டிருந்தவள் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சுருங்கிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ரயிலில் கெஞ்சினேன், கத்தினேன். ஒருநாள் பெட்டியில் எல்லோரும் பார்க்க உன்னைத் திட்டிவிட்டேன். நீ கோபப்படவில்லை. "மீட்டரு ஆயிரம் சொல்லட்டும்டி. அவன் மீட்டர நம்பிக்கினா உள்ள வந்தான்? என்ன நம்பிக்கினு வந்தான்" என்றாய்.

ஏழுமலை தோளில் பிளேட் வைத்துத் தைத்து, மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு, லேசான வேலைக்குத் திரும்பி வந்தான். முதல் நாளே உன் ஜன்னலுக்கு வந்து நின்றான். நீ கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் வீடு உன் வீட்டுக்குப் பின்தெரு. அவன் வாசல் வழியாகப் போனால் ஸ்டேஷனுக்குக் குறுக்குவழி. நீ சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாய். அவன் ஒருநாள் என்னிடம் வந்து, கையில் இருந்த டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே கேட்டான், "அக்கா ஏன் என்னாண்ட பேச மாட்டேன்னுது? நான் இன்னா பண்ணேன்?" அதை உன்னிடம் சொன்னேன். நீ அன்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நீ அவனைத் தவிர்ப்பதாக அவன் நினைத்தான். உன்னால் அவன் தோளைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் உனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முதலில் அசதி என்றாய். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாய். கருவாடு பிடிக்கவில்லை என்று நீ சொன்ன அன்றைக்கே நான் பயந்திருக்கவேண்டும். ஈரல் கெட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தபோது அது எல்லை தாண்டிவிட்டிருந்தது. சென்னையில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உன் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகிற நாட்களில் நான் பார்வையாளர் நேரத்துக்கு வந்து உட்காருவேன். உன் கை மஞ்சளாக, மெலிந்து, கம்பளிமேல் கிடக்கும். கம்பெனிக் கதையெல்லாம் சொல்வேன். சிரிப்பாய். ஒரு மத்தியானம் சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"நெஜமா சொல்லுடி. அது மீட்டரு சொன்னதா, இல்ல என் மனசு நோவக்கூடாதுன்னு நீயும் அந்த சாரும் சேந்துகினு சொன்னதா?"

இத்தனை மாதம் இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டா என் பக்கத்தில் உட்கார்ந்து ரயிலில் வந்தாய்? சத்தியம் செய்தேன். என் பிள்ளைமேல் சத்தியம் செய்தேன். நீ தலையாட்டினாய். நம்பவில்லை என்று தெரிந்தது. உனக்கு என்மேல் இருக்கிற பிரியத்தால்தான் நம்பவில்லை. உனக்காக நான் எந்தப் பொய்யும் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அது உண்மைதான்.

வாயால் சொல்லி ஆகாது என்று புரிந்துவிட்டது. மறுநாள் நம் ஏசி மெக்கானிக்கிடம் முழ நீளத்துக்குக் கொஞ்சம் கனமான செம்புக் குழாய் ஒன்று கேட்டு வாங்கினேன். கெட்டுப்போன சென்சார் ஒன்றிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு காந்தத்தைக் கழற்றினேன், சின்னதாக இருந்தாலும் பலமான காந்தம். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். "இன்னாடி இது, ஆஸ்பத்திரிக்கு எளனி எடுத்துக்கினு வருவாங்க, நீ பைப்பு எடுத்துக்கினு வர" என்றாய். குரல் இறங்கியிருந்தது, நக்கல் இறங்கவில்லை.

காந்தத்தை உன் கையில் கொடுத்தேன். கட்டில் கம்பியில் வைத்துப் பார்த்தாய், டக்கென்று ஒட்டியது. பிய்த்துக் குழாயில் வைத்துப் பார்த்தாய், ஒட்டவில்லை. செம்பில் ஒட்டாது என்று எனக்குத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாய். குழாயை நான் நிமிர்த்திப் பிடித்தேன். மேல்வாயில் காந்தத்தை வைத்து விடச் சொன்னேன். விட்டாய். கீழே என் உள்ளங்கையைப் பார்த்தாய். வரவில்லை. குழாயைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். எங்கோ சிக்கிக்கொண்டது என்று சொல்ல வாயெடுத்தாய். அப்போதுதான் மெதுவாக, படியிறங்கி வருகிற மாதிரி வந்து என் கையில் விழுந்தது.

காந்தத்தை வாங்கி மறுபடி விட்டாய். மறுபடி. குழாய் வாயில் கண்ணை வைத்து அது இறங்குவதைப் பார்த்தாய். பக்கத்துக் கட்டில் அம்மாவும் எட்டிப் பார்த்தார். உனக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை.

எனக்கு அன்று வந்த வார்த்தையில் நான் விளக்கினேன். காந்தம் இறங்கும்போது அதற்குக் கீழே இருக்கிற செம்பில் ஒரு திசையில் கரண்ட் சுற்றுகிறது, வராதே என்று தள்ளுகிறது. மேலே இருக்கிற செம்பில் எதிர்த்திசையில் சுற்றுகிறது, போகாதே என்று இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அது மெதுவாக வருகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. விட்ட கைக்கும் தெரியாது. நம் பெரிய காந்தத்திலும் அதே கதைதான். இத்தனை வருஷம் போதுமாக இருந்த நேரத்தை நீ அன்றும் விட்டாய். பேனலுக்குள் ஒருவர் திசையை மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"இப்ப சொல்லு," என்று கேட்டேன். "உன் கை எப்ப வுட்டுது?"

"அப்பவே வுட்டுது" என்றாய்.

அதைச் சொல்லிவிட்டு உன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை, என்னையும் துடைக்க விடவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தார்கள். நான் எழுந்தபோது சொன்னாய், "ஏழுமலைய ஒருவாட்டி வரச் சொல்றியா? பாக்கணும் போல கீது."

அன்று ரயிலில் வரும்போது நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கவரப்பேட்டையில் இறங்கி நேராக ஏழுமலை வீட்டுக்குப் போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்கா உன்னைப் பார்க்கணும் என்கிறாள் என்றதும் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டான். அக்கா என்னைக் கூப்பிட்டதா, நிஜமாகவா என்று அவன் கேட்டதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் திருப்தியாகாது. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போவதாகப் பேசினோம். உனக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று அவன் பெண்டாட்டி யோசித்தாள்.

நீ ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருக்கவில்லை.

சர்ச்சில் ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்க உங்கள் ஆட்கள் வந்தார்கள். கூட்டத்துக்குள் இருந்து ஏழுமலை முன்னால் வந்து பாஸ்டரிடம் நானும் தூக்குகிறேன் என்றான். அவன் தோளைப் பற்றித் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. வேண்டாம்பா என்றார்கள். உன் வீட்டுக்காரரே அழுதுகொண்டே வேண்டாம் என்றார். அவன் கேட்கவில்லை. சரி, இடது தோளிலாவது வை என்று ஒரு பெரியவர் இடம் மாற்றிவிடப் பார்த்தார். "இதுலதான் தூக்குவேன். அக்கா என்ன கூப்புட்டுச்சு" என்றான். வலது தோளில், பிளேட் வைத்துத் தைத்த அதே இடத்தில், உன்னை எடுத்து வைத்துக்கொண்டான்.

நான் பின்னாலேயே நடந்து வந்தேன். வழியில் மற்றவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். அவன் கல்லறைத் தோட்டம் வரைக்கும் மாற்றவே இல்லை. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. நீ அந்தத் தோளைப் பார்க்கத்தான் கூப்பிட்டாய். உன்னால் முடியாமல் போனது, அதனால் உனக்காக நான் நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன்டி.